கொங்குத் திரைமரபு: வாக்கும் கணக்கும் வழக்குத் தமிழும்

வெள்ளகோவில் என்றால் விசைத்தறி, எண்ணெய் ஆலை, முருங்கைக்காய் வியாபாரம் என்றுதான் வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். ஆனால் கலை இம்மண்ணுக்குப் புதிதல்ல. பக்கத்து ஓலப்பாளையத்தில் பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர் 1965-இல் அண்ணன்மார் கதையை ஒலிப்பதிவு செய்தார். உடுக்கையடித்துப் பாடுகிற ஒருவரே அண்ணன்மாரான பொன்னராகவும் சங்கராகவும் தங்கை தங்காளாகவும் குரல் மாற்றி, இரவிரவாகக் கூட்டத்தைக் கட்டிப்போட்ட மரபு அது. அந்தக் கதைக்கூட்டத்திலிருந்து வந்தவர்களே பின்னால் சினிமாக் கொட்டகையை நிறைத்தார்கள். கொங்கிலிருந்து படமெடுக்கப் போனவர்களும் நடிக்கப் போனவர்களும் என்னென்ன வழி வகுத்தார்கள், அவர்கள் விட்டுச்சென்ற அளவுகோல் எது என்று தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோவைப் பட்டறை

தொடக்கம் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த இந்தக் கோவைக்காரர், 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம்காட்டும் கருவியை வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் எழுப்பினார். அந்த வீதிக்கு இன்றும் அதே பெயர். காட்டத் தெரிந்தவர் எடுக்கவும் துணிந்தார். 1933-இல் வந்த ‘வள்ளி திருமண’த்தில் அவருடைய முதலீடு இருந்தது.

1930-களில் பஞ்சாலை முதலாளிகளும் திரைத்துறையினரும் சேர்ந்து சென்ட்ரல் ஸ்டுடியோவைக் கட்டினார்கள். ‘சிவகவி’, ‘ஹரிதாஸ்’, எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனான ‘ராஜகுமாரி’ (1947) எல்லாம் அங்கே உருவானவை. அந்தப் பட்டறையில் தேறிய ஸ்ரீராமுலு நாயுடு தனியே பட்சிராஜா ஸ்டுடியோ தொடங்கினார். அவர் இயக்கிய ‘மலைக்கள்ளன்’ (1954) ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. தெலுங்கு, இந்தி, கன்னடம், மலையாளம் என்று அதே கதையை மற்ற மொழிகளுக்கும் அவரே கொண்டுபோனார். இந்தி வடிவமான ‘ஆசாத்’தில் நடித்தவர் திலீப்குமார். கோவையிலிருந்து வேலை செய்தாலும் இந்தியா முழுவதற்கும் படம் தரலாம் என்று காட்டியதே இப்பட்டறையின் சாதனை.

சேலத்து ஒழுங்கு

திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி.ஆர்.சுந்தரம் இங்கிலாந்தில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்து, சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். ஆலையை நடத்துகிற மாதிரியே படப்பிடிப்பையும் நடத்தினார். எழுத்தாளர், நடிகர், தொழில்நுட்பக் கலைஞர் எல்லாருக்கும் நேரம் ஒன்றுதான். முதல் மலையாளப் பேசும்படமான ‘பாலன்’ (1938), பி.யு.சின்னப்பா இரட்டை வேடமேற்ற ‘உத்தம புத்திரன்’ (1940), தமிழின் முதல் வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) ஆகியவை அந்த வளாகத்தின் விளைச்சல். கருணாநிதியும் கண்ணதாசனும் அங்கே எழுதினார்கள். நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் தந்த நிறுவனத்தில் இன்று எஞ்சி நிற்பது ஏற்காடு சாலையோர நுழைவாயில் வளைவு ஒன்றே.

தேவர் வழி

கோவை ராமநாதபுரத்துச் சாண்டோ சின்னப்பா தேவர் உடற்பயிற்சியாலும் சண்டைக் காட்சியாலும் திரைக்கு வந்தவர். ‘ராஜகுமாரி’ காலத்தில் எம்.ஜி.ஆரோடு ஏற்பட்ட நட்பு, 1956-இல் ‘தாய்க்குப்பின் தாரம்’ எடுக்கத் துணிவு தந்தது. எம்.ஜி.ஆரை வைத்தே மொத்தம் 16 படங்கள் எடுத்தார். பேசிய சம்பளத்தைப் பேசியபடி கொடுப்பார். சொன்ன தேதிக்குப் படத்தை முடிப்பார். லாபத்தில் முருகனுக்கு ஒரு பங்கு ஒதுக்குவார். மருதமலைத் திருப்பணியில் அவர் பேர் இன்றும் நிற்கிறது. ‘தெய்வச் செயல்’ தோற்றபோது கதையைக் கைவிடவில்லை. அதையே 1971-இல் இந்தியில் ‘ஹாத்தி மேரே சாத்தி’ ஆக்கிப் பெருவெற்றி கண்டார். மறு ஆண்டே ‘நல்ல நேரம்’ என்று தமிழுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். ‘குமரிக்கோட்டம்’, ‘உழைக்கும் கரங்கள்’ தயாரித்த கோவைச் செழியன், ‘பயணங்கள் முடிவதில்லை’ தந்த கோவைத்தம்பி ஆகியோரும் ஸ்டுடியோ இல்லாமல் சொந்தத் துணிவில் படமெடுத்த வரிசையில் வருகிறவர்கள்.

நடிகர்கள்

நடிகர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் பக்கத்துத் தாராபுரத்து நாகேஷ். ‘திருவிளையாட’லில் (1965) தருமியாக வரும் காட்சியை மறுபடி பாருங்கள். ஆளில்லாத மண்டபத்தில் தனக்குத்தானே புலம்புகிறார். இறைவன் புலவராக வந்து நின்றதும் முதலில் சந்தேகம், பிறகு கேள்விக்குக் கேள்வி ஆசை, கடைசியில் பணிவு. இத்தனையும் வசனத்துக்கு முன்பே முதுகெலும்பில் தெரிந்துவிடும். சிவாஜிக்கு எதிரில் நின்று காட்சியைத் தன் பக்கம் இழுத்தார். ஆனால் கதையை விட்டு ஓர் அடி விலகவில்லை.

சூலூர்ப் பக்கத்துக் காசிகவுண்டன்புதூரில் பிறந்த சிவகுமார் இன்னொரு வகை. ஓவியக் கல்லூரியில் கற்ற பொறுமையை நடிப்புக்குக் கொண்டுவந்தார். நடிப்பை நிறுத்திய பிறகு கம்பராமாயணத்தை மனப்பாடமாக மேடையேற்றினார். 1979 முதல் அறக்கட்டளை வழியாக மாணவர்களுக்குப் பரிசு கொடுத்து வருகிறார்.

கோபி வெள்ளாங்கோவிலில் பிறந்த பாக்யராஜ் திரைக்கதையையே கதாநாயகனாக்கினார். ‘அந்த 7 நாட்கள்’ (1981) முடிவில் காதலி கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறாள், கணவனும் சம்மதிக்கிறான். ஆனால் தாலியைக் கழற்ற அவள் மனம் ஒப்பவில்லை. அதைப் பார்த்துப் பாலக்காட்டு மாதவன் ஆர்மோனியத்தோடு திரும்பிப் போகிறான். சரியோ தப்போ, ஊர்மனம் எங்கே நிற்கும் என்று அறிந்து எழுதிய முடிவு அது.

கவுண்டமணி, மணிவண்ணன், சத்யராஜ், கோவை சரளா ஆகியோரின் கொடை கொங்குத் தமிழ். ஏனுங்க, வாங்க என்ற பேச்சும், அதே மரியாதைக்குள் ஒளிந்திருக்கும் குத்தலும் அவர்களால் தமிழ்நாடு முழுவதும் புரிந்தது.

உரைகல்

இம்மரபின் அளவுகோல் மூன்று. சொன்ன வாக்குப்படி சம்பளமும் தேதியும் தவறாமை. போட்ட பணத்துக்குக் கணக்கு. ஊர்ப்பேச்சைக் கூச்சமின்றிப் பேசுகிற நடிப்பு. இந்த மூன்றில் ஒன்று குறைந்த இடத்தில்தான் சறுக்கல் வந்தது. ஸ்டுடியோக்கள் மூடப்பட்டதும் கலைஞர்கள் சென்னைக்குப் போனார்கள், பட்டறைப் பயிற்சி அறுந்தது. 1990-களில் வந்த கிராமப் படங்கள் பல, பண்ணையார் தீர்ப்பையே ஊரின் நீதியாக்கின. அதே காட்டில் கூலிக்கு நின்றவரின் குரலை அவை கேட்கவில்லை. தறிக்குழியில் இறங்கி நெய்தவர்களின், ஆலைப் பெண்களின் கதையும் இன்னும் சொல்லப்படாமலே கிடக்கிறது. கொங்குத் தமிழ் திரையில் ஏறிவிட்டது. கொங்கு வாழ்க்கை முழுவதும் இன்னும் ஏறவில்லை.

ஆகவே, கேமரா பிடிக்கிற கொங்கு இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேவரின் வாக்கையும் சுந்தரத்தின் நேரத்தையும் நாகேஷின் உழைப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். இதுவரை யாரும் சொல்லாத கதையை உங்கள் ஊரிலேயே தேடுங்கள். ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒன்று: பழைய கொட்டகைகளில் படம் ஓட்டியவர்கள், பெட்டி சுமந்தவர்கள், சீட்டுக் கிழித்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் நினைவுகளை இந்த ஆண்டே பதிவு செய்யுங்கள். வரலாறு முதலாளிகளோடும் கதாநாயகர்களோடும் முடிந்துவிடக் கூடாது.