அழுகையும் நம்பிக்கையும்

நம்பிக்கையூட்டும் நூல்கள் நம் புத்தகக் கடைகளிலும் பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களிலும் மலிந்துவிட்டன. நல்லதையே நினை, துயரை மற, சினத்தை ஒழி என்பனவே இவற்றின் சாரம். நம்பிக்கை வேண்டாம் என்பார் எவருமிலர். ஆயின், துயரையும் அச்சத்தையும் சினத்தையும் துரத்திய பின்னரே நம்பிக்கை உள்ளத்திற் குடிபுகும் என்னும் கருத்து ஏற்கத்தக்கதா? இலக்கிய மாணவரும் ஆசிரியரும் சிந்திக்க வேண்டிய வினா இது.

இந்நூல்களின் மூதாதையருள் ஒன்று, அமெரிக்கப் பாதிரியாரான நோர்மன் வின்சென்ற் பீல் 1952இல் வெளியிட்ட நேர்மறைச் சிந்தனை பற்றிய நூலாகும். மனத்தை மாற்றினால் வாழ்வு மாறும் என்பது அதன் உபதேசம். இதற்குத் தக்க மறுமொழி அந்நாட்டிலிருந்தே வந்தது. மார்பகப் புற்றுநோய்க்கு ஆளான எழுத்தாளர் பாபரா எரன்றைக், நோயாளர் சினங்கொள்ளவும் உரிமையின்றி எந்நேரமும் புன்னகைக்குமாறு வற்புறுத்தப்படுவதை 2009இல் வெளியான தமது நூலிற் சாடினார். வேலையிழந்த தொழிலாளருக்கும் இதே உபதேசமே வழங்கப்படுவதை அவர் எடுத்துக்காட்டினார். குறை சமூகத்தில் இல்லை, உன் மனத்திலேதான் உள்ளது என்று சொல்லிவிட்டால், ஆலை முதலாளிக்கு அதைவிட ஆறுதல் வேறென்ன?

நம் பழைய இலக்கணம் இவ்வகையில் மிகுந்த தெளிவுடையது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் நகை, பெருமிதம், உவகை என்பவற்றோடு அழுகை, இளிவரல், அச்சம், வெகுளி என்பனவும் சமமாக இடம்பெறுகின்றன. இவற்றுள் எதுவும் களையப்படவேண்டிய குற்றமாகக் கூறப்படவில்லை. அதனினும் முக்கியமானது, ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு நிலைக்களன்கள் வகுக்கப்பட்டிருப்பதாகும். பிறரால் இகழப்படுதல், இழப்பு, முன்னைய நிலையிலிருந்து தாழ்தல், வறுமை ஆகியன அழுகைக்குக் களன். உறுப்பை அறுத்தல், குடிகளுக்குக் கேடு சூழ்தல், அலைத்தல், கொலை ஆகியன வெகுளிக்குக் களன். உணர்ச்சி காரணமின்றிப் பிறப்பதன்று. உலகில் நிகழும் ஒன்றுக்கு மனிதன் அளிக்கும் விடையே அது என்னும் உண்மை இதனாற் பெறப்படுகிறது. நம்பிக்கை நூல்கள் அழுகையைத் துடைக்கும்போது அதன் களனையும் சேர்த்தே துடைத்துவிடுகின்றன. வறுமை மறைகிறது, வறியவனின் மனக்குறை மட்டுமே எஞ்சுகிறது.

இக்குறை முற்போக்கு முகாமுக்கும் புறம்பானதன்று. 1934இல் சோவியத் எழுத்தாளர் மாநாடு சோசலிச யதார்த்தவாதத்தை ஏற்றதன் பின்னர், கதையின் இறுதிப் பந்தியில் கட்டாயம் விடிவு தோன்றவேண்டும் என எதிர்பார்த்த விமரிசகர் பலர். தம் கதைகளின் பொதுத்தன்மை நம்பிக்கை வறட்சியே என எழுதிய புதுமைப்பித்தன் அவர்களுக்குச் சங்கடமாகவே இருந்தார். எனினும் 1935இல் மணிக்கொடியில் வெளிவந்த அவரது ‘துன்பக்கேணி’யை நோக்குவோம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் மருதி படும் இன்னல் மெருகின்றிக் காட்டப்படுகிறது. கிராமத்து வறுமை, ஆள்சேர்க்கும் முறை, தோட்டத்து அதிகாரம் எனத் துன்பத்தின் களன்கள் கதையினுள்ளேயே தெரிகின்றன. காரணத்தை அறிந்த துயரம் வாசகனை முடக்குவதில்லை. கேள்வி கேட்கத் தூண்டுகிறது. வலிந்து ஒட்டிய விடிவோ அவனை உறங்கவைக்கிறது.

துயரத்திலே தேங்கிவிடுதலும் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. களனை மறந்து கண்ணீரையே சுவைக்கும் எழுத்து, களனை மறந்து புன்னகைக்கும் எழுத்தின் உடன்பிறப்பே. இரண்டுக்கும் அப்பாற்பட்ட வழியை வாழ்க்கையே காட்டுகிறது. காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் அமர்ந்து தொடர்போராட்டம் தொடங்கினர். அவர்கள் அழுதனர், சினந்தனர், பிள்ளைகளின் படங்களை ஏந்தி விடை கேட்டனர். அழுகையை மறந்திருந்தால் அவர்கள் வீட்டுக்குள் அடங்கியிருப்பர். நம்பிக்கையை இழந்திருந்தால் வீதிக்கு வந்திரார். அவர்களிடம் சென்று நல்லதையே நினையுங்கள் என்று சொல்லும் துணிவு எவருக்கு உண்டு?

ஆகவே, மாணவர் கையில் நம்பிக்கை நூலொன்றைக் கொடுக்குமுன் ஒரு கேள்வியை நாம் கேட்டுக்கொள்வோம்: இந்நூல் துயரின் காரணத்தை அறியத் துணைசெய்கிறதா, மறக்கத் துணைசெய்கிறதா? அழத் தெரிந்த மக்களின் நம்பிக்கையே நிலைத்து நிற்கும்.