பல்லு வெள்ளையாக பேஸ்ட் போதுமா?

பள்ளிகொண்டாவில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள். போன மாசம் போனை நீட்டி ஊதா நிற பேஸ்ட் விளம்பரம் ஒன்றைக் காட்டினாள். "அண்ணா, இதுல நிஜமாவே வெள்ளையாகுமா?" அவளுக்கு முன்பல்லில் பழுப்புத் திட்டு. சிரித்தால் கை தானாக வாய்க்குப் போகும். அதனால் கொஞ்சம் தேடிப் படித்தேன்.

ஊதா பேஸ்ட், வெள்ளைத் துணிக்கு நீலம் போடுகிற அதே கணக்குதான். மஞ்சளுக்கு எதிர் நிறத்தை மேலே பூசுகிறது. கொஞ்ச நேரத்தில் போய்விடும். பெரிய கெடுதல் இல்லை, நிலைக்கிற பலனும் இல்லை.

அடுத்தது கரிப்பொடி. நம்ம பாட்டிகளின் அடுப்புக்கரிதான், இப்போ டப்பாவில் வருது. இதன் பாதுகாப்புக்கும் பலனுக்கும் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்க இதழில் 2017ல் வந்த ஆய்வுத் தொகுப்பு சொன்னது. மேலோட்டமான டீக்கறை போகலாம். ஆனால் சொரசொரப்பான பொடி எனாமலையும் தேய்க்கும். தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. அதற்கு அடியில் இருக்கும் டென்டின் மஞ்சள் நிறம். ஆக, தேய்க்கத் தேய்க்க மஞ்சள்தான் கூடும்!

பல்லின் உள்நிறத்தையே வெளுக்கக்கூடியது பெராக்சைடு. பல் கூச்சம், ஈறு எரிச்சல் வரலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் நேரடியாகக் கடையில் விற்க 0.1 சதவீதம் வரைதான் அனுமதி. அதற்கு மேல் 6 சதவீதம் வரை பல் மருத்துவர் வழியாக மட்டும், அதுவும் 18 வயது ஆனவர்களுக்கு. பாக்கெட்டில் சதவீதம் போடாத எதையும் வாங்காதீங்க.

என் முக்கியமான புகார் வேறு. இந்த விளம்பரங்கள் எல்லாப் பழுப்பையும் 'கறை' என்றே பேசுகின்றன. பல் டாக்டரிடம் காட்டியதில் அவளுக்கு இருப்பது ஃப்ளோரோசிஸ். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் காணப்படும் பகுதிகளில் வேலூர் வட்டாரமும் ஒன்று. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. பல் ஈறுக்குள் உருவாகும் சின்ன வயதில் அதை மீறிக் குடித்தால் எனாமலே பழுதாகி உருவாகும். அதை எந்த பேஸ்ட் கழுவும்? திட்டைக் குறைக்கும் சிகிச்சைகள் டாக்டரிடம் உண்டு.

பக்கத்து தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு 2013ல் வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே 'ஃப்ளோரோசிஸ் குறைப்பு' இருக்கிறது. பிரச்சினை தண்ணீரில் என்று அரசாங்கத்துக்கே தெரியும்.

அவள் அக்கா பையனுக்கு மூணு வயசு. அதே போர் தண்ணிதான் குடிக்கிறான். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் அதை டெஸ்ட் பண்ணச் சொல்லியிருக்கேன். பேஸ்ட் வாங்கற காசு அதுக்குப் போகட்டும்.