நான்கு மூலைகளைப் பார்த்து வெட்டும் நிரல்

கேரள அரசின் 'கைட்' நிறுவனம் பள்ளிகளுக்குத் தரும் லினக்ஸில் படம் திருத்த இருக்கும் மென்பொருள் ஜிம்ப். 1995இல் பெர்க்லி மாணவர்கள் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் இருவரும் தொடங்கியது. மூலநிரல் திறந்தே கிடப்பதால் யாரும் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

எனக்குப் பிடித்தது, ஓரத்து வெற்றிடத்தைத் தானே கண்டு வெட்டும் பகுதி. எது பின்னணி என்று அதற்கு யார் சொல்வது? முதலில், ஒளி ஊடுருவும் ஓரம் இருக்கிறதா என்று தேடுகிறது. இல்லையென்றால் மூலைகளை ஒப்பிடுகிறது. ஒரே பக்கத்தின் இரு மூலைகள் ஒரே நிறமானால் அதுதான் பின்னணி. பிறகு நாலாபுறமிருந்தும் வரிவரியாக உள்ளே நகர்ந்து, வேறு நிறப் புள்ளி தட்டுப்பட்டதும் நின்றுவிடும். தையற்காரர் துணியின் ஓரத்தைத் தடவிப் பார்ப்பது மாதிரி. செயற்கை நுண்ணறிவு எதுவும் இல்லை. (ஸ்கேன் செய்த தாளில் ஒரு தூசி போதும், ஏமாந்துபோகும்.)

ஜிம்பிலேயே திரையைப் படம்பிடிக்கும் நிரல் வேறு ரகம். லினக்ஸின் பழைய திரை அமைப்பான எக்ஸ்11இல் அது திரையை நேரே படித்துக்கொள்ளும். புதிய அமைப்பான வேலாண்டில் டெஸ்க்டாப்பிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். சிலருக்கு எரிச்சல்தான். பக்கத்துச் சன்னலில் வங்கிக் கணக்கைத் திறந்து வைத்திருக்கும் எனக்கு, இந்த ஏற்பாடே சரியென்று படுகிறது.