ஒரே கிளிப், இரண்டு தீர்ப்புகள்

மார்பைப் பிளக்காமலே இதய வால்வின் கசிவைச் சரிசெய்யலாம் என்பது, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும் முதியவருக்குப் பெரிய ஆறுதல். மைட்ரல் வால்வுக்கான ‘மைட்ராகிளிப்’ அந்த ஆறுதலை உண்மையிலேயே தரக்கூடியது. யாருக்குத் தரும் என்பதில்தான் சிக்கல்.

இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள இந்த வால்வுக்கு இரண்டு இதழ்கள். அவை ஒழுங்காக மூடாவிட்டால் ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் பின்னோக்கிப் பாய்ந்து, நுரையீரலில் அழுத்தம் ஏறும். 1990களின் தொடக்கத்தில் இத்தாலிய அறுவை நிபுணர் ஒட்டாவியோ அல்ஃபியேரி இரண்டு இதழ்களின் நடுவிளிம்பையும் சேர்த்து ஒரு தையல் போட்டார். ஒரு வாசல் இரண்டு சிறு வாசல்களானது, கசிவு குறைந்தது. அந்தத் தையலின் வேலையைத்தான் கிளிப் செய்கிறது. தொடைச் சிரை வழியாகச் சுமார் 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயைச் செலுத்தி, வலது மேலறையை அடைந்து, நடுச்சுவரில் துளையிட்டு இடப்பக்கம் போகிறார்கள். உணவுக்குழாய்க்குள் இறக்கிய எக்கோ காட்டும் படத்தைப் பார்த்தபடியே, துடிக்கும் இதயத்தில் இரு இதழ்களையும் கவ்வ வேண்டும். பிடி சரியில்லையென்றால் திறந்து மறுபடி கவ்வலாம். அறுவையில், நிறுத்திவைத்த இதயம் மீண்டும் துடித்த பிறகே முழுப் பலன் தெரியும். இங்கோ கசிவு குறைந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கிளிப்பை விடுவிக்கிறார்கள். இதன் மிகப் பெரிய பலமாக நான் கருதுவது இதைத்தான்.

ஆனால் இதழே பழுதான, அறுவையைத் தாங்கக்கூடிய நோயாளிக்கு இது மாற்று ஆகாது. 2011இல் வெளியான எவரெஸ்ட்-2 ஆய்வில், ஓராண்டுக்குள் வால்வு சரியாக இயங்காமல் அறுவை தேவைப்பட்டவர்கள் கிளிப் பிரிவில் 20 சதவீதம். அறுவைப் பிரிவில் 2 சதவீதம்தான். கிளிப் பலன் தராமல் பின்னால் அறுவைக்குப் போனால், பெரும்பாலும் சொந்த வால்வைச் சீரமைக்க முடியாமல் செயற்கை வால்வு வைக்க நேர்கிறது. ஐம்பது வயதுக்காரரிடம் இதை முன்கூட்டியே சொல்லாமல் விடுவது அநியாயம்.

இதயத் தசை பலவீனமாகி, கீழறை விரிந்து, அதனால் வால்வு கசிபவர்களின் கதை வேறு. இவர்களைப் பற்றி 2018இல் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. பிரான்சின் மித்ரா-எஃப்ஆர் ஆய்வில் ஓராண்டுக்குள் இறந்தவர்களும் இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் கிளிப் பிரிவில் 54.6 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 51.3 சதவீதம். பயன் ஏதும் இல்லை. அமெரிக்கா, கனடாவில் நடந்த கோஆப்ட் ஆய்விலோ இரண்டாண்டு இறப்பு 46.1 சதவீதத்திலிருந்து 29.1 ஆக இறங்கியது.

கருவி ஒன்றுதான், நோயாளிகள்தான் வேறு. கோஆப்ட் நோயாளிகளுக்குக் கசியும் துளை பெரிது, கீழறையின் விரிவு குறைவு. பிரான்சில் இது தலைகீழ்: கசிவு மிதம், கீழறை மிக விரிந்திருந்தது. அங்கே உயிரைக் குடித்தது தசை. வால்வை மூடி என்ன பயன்? கோஆப்டில் தாங்கக்கூடிய அளவுக்கு மருந்து கொடுத்துப் பார்த்த பிறகே சேர்த்தார்கள் என்பதும் முக்கியம். அதற்குச் செலவிட்டது கிளிப்பைத் தயாரிக்கும் அபாட் நிறுவனம் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் இறப்பு எண்ணிக்கையில் இவ்வளவு வித்தியாசத்தை அந்த ஒரு காரணத்துக்காகத் தள்ளிவிட முடியாது. ஐந்தாண்டு முடிவில் கிளிப் பிரிவிலும் 57.3 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். கிளிப் தசையைக் குணப்படுத்துவதில்லை.

வலப்பக்க ட்ரைகஸ்பிட் வால்வில் இதே முறையை 2023இல் ட்ரைலுமினேட் ஆய்வு சோதித்தது. ஓராண்டில் இறப்போ மருத்துவமனைச் சேர்க்கையோ குறையவில்லை. நோயாளிகள் தங்கள் உடல்நிலைக்குத் தந்த மதிப்பெண் மட்டும் நன்றாக ஏறியது. தமக்குக் கிளிப் வைத்திருப்பது அவர்களுக்குத் தெரியும் என்பதால் அந்த மதிப்பெண்ணை நான் தயக்கத்தோடுதான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்தியாவில் ருமாட்டிக் காய்ச்சல் கெடுத்த வால்வுகள் இன்றும் ஏராளம். அவற்றில் இதழ்கள் தடித்து, ஓரங்கள் ஒட்டி, வாசல் ஏற்கெனவே சுருங்கியிருக்கும். அங்கே கிளிப் போட்டால் கசிவு குறையலாம், ஆனால் அடைப்பு கூடும். நாம் மேற்கோள் காட்டும் பெரிய ஆய்வுகள் இத்தகைய வால்வுகளைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை.