டியூபுலரா, லித்தியமா? இரண்டு வீட்டு இன்வெர்ட்டர்கள், ஒரு கேள்வி

தஞ்சாவூரில் எங்கள் வீட்டில் இருப்பது 12 வோல்ட் சைன்வேவ் இன்வெர்ட்டரும் 150 ஏஎச் டால் டியூபுலர் பேட்டரியும். சென்னையில் அக்கா வீட்டில், அடுக்ககத்தின் மேல்மாடியில், 100 ஏஎச் லித்தியம் பேட்டரி. இரண்டையும் கோடையிலும் மழையிலும் ஓட்டிப் பார்த்தாயிற்று. எதை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வீட்டில் பேட்டரியை யார் பார்த்துக்கொள்வார்? விலையும் வாரண்டியும் அதற்குப் பிறகு பேச வேண்டியவை.

2012-ல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். அந்தப் பயத்தில்தான் இன்றும் பலர் தேவைக்கு மேல் பெரிய பேட்டரியாக வாங்குகிறார்கள். இப்போதைய நிலைமை வேறு. மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் சில மணி நேரம் நிறுத்துகிறார்கள். கோடை இரவில் டிரான்ஸ்பார்மர் தாங்காமல் அரை மணி, ஒரு மணி போகிறது. அப்புறம் புயல். முதல் இரண்டுக்கும் இன்வெர்ட்டர் போதும். 2018 கஜா புயலைப் போல நாள்கணக்கில் இருட்டடிப்பு வந்தால் எந்த வீட்டு பேட்டரியும் தனியாகத் தாங்காது.

கணக்கைப் பார்ப்போம். 150 ஏஎச்சை 12 வோல்ட்டால் பெருக்கினால் 1,800 வாட்-மணி. இது பேட்டரிமேல் எழுதிய கணக்கு. பேட்டரியை அடிவரை காலி செய்யக் கூடாது. இன்வெர்ட்டரும் தன் பங்குக்கு ஒரு பகுதியைத் தின்றுவிடும். கைக்கு வருவது 1,150 வாட்-மணி அளவில்தான். சாதாரண சீலிங் ஃபேன் ஒன்றுக்கு 75 வாட். அப்படி இரண்டு ஃபேன், நாலு எல்இடி பல்பு, வைஃபை, ஒரு டிவி என்றால் 250 வாட்டைத் தொடும். நாலரை மணி நேரம் ஓடும். அதே வீட்டில் 30 வாட் பிஎல்டிசி ஃபேன்களை மாட்டினால் ஏழு மணி நேரம் வரும். பெரிய பேட்டரிக்குப் போடும் கூடுதல் பணத்தை முதலில் ஃபேனில் போடுங்கள். ஈ.பி. பில்லும் குறையும்.

இன்வெர்ட்டர் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாடல் பெயரில் இருக்கும் எண்ணை நம்பாமல், பின்பக்கம் ஒட்டியிருக்கும் வாட் அளவைப் படியுங்கள். லூமினஸ் செலியோ பிளஸ் 1100 என்பதன் திறன் 900 விஏ, வாட்டில் 756. அதில் மிக்சியும் ஃபிரிட்ஜும் ஓட்ட நினைக்க வேண்டாம். ஃபிரிட்ஜ் கிளம்பும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். ஸ்கொயர்வேவ் மலிவு, ஆனால் ஃபேன் உறுமும், மோட்டார் சூடாகும். சைன்வேவ் மட்டுமே வாங்குங்கள். கம்ப்யூட்டர் இருக்கும் வீடுகளில் பின்பக்க சுவிட்ச் யுபிஎஸ் நிலையில் இருக்கட்டும்.

டியூபுலர் பேட்டரியின் ஆயுள் நம் கையில் இருக்கிறது. மேலே ஆறு மூடிகள், ஒவ்வொன்றிலும் ஒரு மிதவை. சார்ஜ் ஆகும்போது உள்ளேயிருக்கும் தண்ணீர்தான் வாயுவாகப் போகிறது. அமிலம் அங்கேயே இருக்கும். ஆகவே ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டும், ஒருபோதும் ஆசிட் கூடாது. ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிச்சமிருக்கும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் தூசியும் உலோகத் துகளும் கலந்திருக்கும். இரண்டையும் தவிருங்கள். சாதாரண மாதங்களில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையும் சித்திரை, வைகாசியில் மாதம் ஒரு தடவையும் பாருங்கள். முழு சார்ஜ் ஏறிய பிறகே ஊற்றுங்கள். முன்னதாக ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும்.

டர்மினலில் வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பொடி பூத்தால், இன்வெர்ட்டரை அணைத்து, பிளக்கைக் கழற்றி, நெகட்டிவ் வயரை முதலில் எடுத்துவிட்டு, வெந்நீரில் சமையல் சோடா கரைத்துத் தேய்த்தால் போய்விடும். சோடாத் தண்ணீர் மூடித் துளைக்குள் இறங்கக் கூடாது. துடைத்து உலரவிட்டு, இறுக்கி முறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். கையில் வளையல், மோதிரம் இருந்தால் கழற்றி வைத்துவிட்டுத் தொடுங்கள். ஸ்பேனர் இரண்டு டர்மினலிலும் ஒருசேரப் பட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும்.

ஹைட்ரோமீட்டர் ஒன்றை வாங்கி வைத்திருப்பது நல்லது. முழு சார்ஜில் ஆறு அறைகளும் 1.240-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். ஐந்து சரியாக இருந்து ஒன்று மட்டும் 1.180-ல் கிடந்தால் அந்த அறை போய்க்கொண்டிருக்கிறது. வாரண்டி முடியும் முன்பே கடைக்காரரிடம் காட்டுங்கள். வாரண்டியில் இரண்டு பகுதி உண்டு: முதல் பகுதியில் பேட்டரியை மாற்றித் தருவார்கள், பிற்பகுதியில் புதியதன் விலையில் கொஞ்சம் கழிப்பார்கள், அவ்வளவுதான். எத்தனை மாதம் எது என்பதை அட்டையில் எழுதி வாங்குங்கள்.

இவ்வளவும் செய்ய ஆள் வேண்டும். அக்கா வீட்டில் பகலில் ஒருவரும் இல்லை, தண்ணீர் பார்க்கும் பேச்சே அங்கு எடுபடாது. லித்தியம் அந்த வீட்டுக்காகவே வந்ததுபோல் இருக்கிறது. டியூபுலரைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், ஐம்பது கிலோவைத் தாண்டும். லித்தியத்தை ஒரு கையால் நகர்த்தலாம். தண்ணீர் வேண்டாம், ஆசிட் நெடி இல்லை. 100 ஏஎச், 12.8 வோல்ட் என்றால் 1,280 வாட்-மணி. அதில் பெரும்பகுதியை எடுக்கலாம். 150 ஏஎச் டியூபுலருக்கு இது சமம் என்று கடையில் சொல்வார்கள். குறைந்த லோடில் டியூபுலர் கொஞ்சம் கூடுதலாகவே ஓடும். 500, 600 வாட் இழுக்கும்போதுதான் லித்தியம் முந்துகிறது, ஏனென்றால் வேகமாக இழுத்தால் டியூபுலர் போன்ற ஈய பேட்டரியின் கொள்ளளவு சுருங்கிவிடும்.

லித்தியத்தில் இரண்டு விஷயங்களைக் கவனித்தேன். ஒன்று, அதன் வோல்டேஜ் கடைசிவரை இறங்காமல் நின்று சட்டென்று விழுகிறது. ஈய பேட்டரிக்கென்று செய்த இன்வெர்ட்டரில் இதை மாட்டினால் திரையில் காட்டும் மீதி நேரத்தை நம்ப முடியாது. எச்சரிக்கை ஒலி வரும் முன்பே வீடு இருண்டுவிடும். மற்றொன்று, சீக்கிரம் சார்ஜ் ஏறும் என்ற பேச்சு. பழைய இன்வெர்ட்டர் 15 ஆம்பியர்தான் தரும் என்றால் லித்தியமும் மெதுவாகத்தான் ஏறும். எனவே லித்தியத்துக்கான அமைப்புள்ள இன்வெர்ட்டரோடு சேர்த்தே வாங்க வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையா என்று கேளுங்கள். எங்கோ கழற்றிய பழைய செல்களைக் கோத்து விற்கும் பெட்டிகளின் பக்கம் போகாதீர்கள். லித்தியம் பேட்டரி பழுதானால் உள்ளூர் மெக்கானிக்கால் திறக்க முடியாது. சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் என்று முதலிலேயே விசாரியுங்கள்.

வைக்கும் இடத்தில் நம் வீடுகளில் பெரும் அலட்சியம் இருக்கிறது. மாடிப்படிக்குக் கீழே மூடிய அலமாரியில், பல வீடுகளில் பூஜை விளக்குக்குப் பக்கத்திலேயே, டியூபுலர் பேட்டரி உட்கார்ந்திருக்கிறது. சார்ஜ் ஆகும்போது அது விடுவது ஹைட்ரஜன். காற்றில் நான்கு சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். காற்றோடும் இடத்துக்கு இன்றே மாற்றுங்கள். வெயில் படும் பால்கனியும் ஆகாது: வெப்பம் 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரி ஏறும்போதும் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரர்களுக்குத் தரையோடு வைக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மாடியில் சோலார் போட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. மின்வாரிய லைனோடு இணைத்த சாதாரண சோலார், கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவர்மேல் மின்சாரம் பாயாமலிருக்க வைத்த பாதுகாப்பு அது. புயல் நாட்களிலும் வெளிச்சம் வேண்டுமென்றால் பேட்டரி இணைக்கும் ஹைப்ரிட் இன்வெர்ட்டராகக் கேளுங்கள்.

என் தீர்ப்பு இது. மாதம் ஒருமுறை மூடி திறந்து பார்க்க ஆள் இருக்கும், காற்றோட்டமுள்ள தனி வீடா? டால் டியூபுலரே போதும். பணம் மிச்சம், பழுது பார்க்க ஊரிலேயே ஆள் கிடைக்கும். அடுக்ககமா, வயதான பெற்றோர் மட்டும் இருக்கும் வீடா? விலை கூடுதலானாலும் லித்தியம்.

பழைய ஈய பேட்டரியைத் தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். திறந்தவெளியில் அதை உருக்கும்போது வரும் ஈயப்புகை சுற்றியிருக்கும் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கிறது. புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது, 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி உற்பத்தியாளரின் பொறுப்பு.