ஊக்கமா, தெம்பா?

ஆங்கிலத்தில் ‘விம்’ என்றொரு சிறு சொல் உண்டு. வேலையில் இறங்கும் ஒருவனிடம் பொங்கி நிற்கும் வேகத்தையும் வலிமையையும் ஒருங்கே குறிப்பது அது. நான் பேராக் தோட்டப் பள்ளி ஒன்றில் மாணவனாக இருந்த 1970ஆம் ஆண்டுகளில், எங்கள் ஆசிரியர் அச்சொல்லுக்குப் பொருள் கேட்டார். நான் எழுந்து, “பாத்திரம் துலக்கும் தூள், ஐயா” என்றேன். என் பாட்டி துரை பங்களாவில் பாத்திரம் துலக்கியவர். லீவர் நிறுவனத்தார் 1904 முதல் அப்பெயரில் விற்ற தூளை எங்கள் வீட்டில் அறியாதவர் இல்லை. வகுப்பே சிரித்தது. ஆசிரியர் கரும்பலகையில் ‘உற்சாகம்’ என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டார்.

அவர் எழுதிய பொருள் சரிதானா என்னும் ஐயம் எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே, நானும் ஆசிரியனான பின்னரே எழுந்தது. அந்த ஐயத்தைத் தமிழாசிரியர்கள்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

‘விம்’ என்பது இலத்தீன் மொழியில் வலிமையைக் குறிக்கும் ‘விஸ்’ என்னும் சொல்லின் இரண்டாம் வேற்றுமை வடிவம் என்பர். அஃது ஆங்கிலத்துக்குள் வந்தது அமெரிக்காவில், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். அதனோடு இணைத்து வழங்கும் ‘விகர்’ என்பதோ, செழித்திருத்தல், உயிர்ப்போடிருத்தல் என்னும் பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. ‘பெப்’ என்னும் மற்றொரு சொல் மிளகைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கம். ஆகவே ஒன்றில் வலிமையும், ஒன்றில் செழிப்பும், ஒன்றில் காரமும் அடிப்படையாக நிற்கின்றன. ஆங்கிலேயர் இவற்றை எடுத்தாளும்போது இந்த வேறுபாட்டை ஓரளவேனும் உணர்ந்தே ஆளுகின்றனர். நாமோ எல்லாவற்றுக்கும் ‘உற்சாகம்’ என்று ஒரே முத்திரையைக் குத்திவிடுகிறோம்.

‘உற்சாகம்’ வடசொல். வடமொழி நாடக இலக்கணத்தில் வீரச்சுவைக்கு நிலைக்களமாக வைக்கப்பட்ட பெருமை அதற்கு உண்டு. அங்கே அது முயற்சியில் தளராத உள்ள உறுதியைக் குறித்தது. தமிழ்ப் பேச்சுக்குள் வந்து பழகியபின், அதன் உறுதி கரைந்து மகிழ்ச்சி மட்டும் எஞ்சிவிட்டது. தேர்த் திருவிழாவுக்குப் போகும் பிள்ளை உற்சாகமாக இருக்கிறான் என்கிறோம். விடுமுறை என்றதும் வகுப்பு உற்சாகம் அடைகிறது என்கிறோம். இச்சொல் இன்று சுட்டுவது களிப்பையே. ‘விம்’ வேலையைச் சார்ந்த சொல்; ‘உற்சாகம்’ வேடிக்கைக்கும் உரிய சொல்லாகிவிட்டது. ஆதலின் இது நேர்ப்பொருள் ஆகாது.

அப்படியாயின் தமிழில் சொல் இல்லையா? சொல் மிகுந்திருப்பதுதான் இங்கே இடர்ப்பாடு. தெம்பு, திராணி, சுறுசுறுப்பு, மிடுக்கு, உரம், வீறு, விறல், ஊக்கம் எனப் பல உள. கையகராதிகள் இவற்றை ஒரே வரியில் அடுக்கிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. ஆனால், தோட்டத்தில் பால்மரம் வெட்டிய நம் பாட்டன் பாட்டிமார் எவரும் இவற்றை மாற்றி வழங்கியதில்லை. சொல்லுக்குச் சொல் இடம் வேறு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

தெம்பு உடலைச் சார்ந்தது. சோறு உண்டால் தெம்பு வரும். காய்ச்சல் கண்டால் தெம்பு போகும். “தெம்பாகச் சாப்பிடு” என்று தாய் சொல்வது வழக்கம். அவ்விடத்தில் ‘ஊக்கமாகச் சாப்பிடு’ என்று எவளும் சொல்லாள். திராணியும் இவ்வகையினதே, ஒரு சுமையைத் தாங்க முடியுமா, முடியாதா என்னும் அளவைக் காட்டுவது அது. சுறுசுறுப்பு கைகால்களின் விரைவு. எறும்பையும் தேனீயையும் சுறுசுறுப்பானவை என்கிறோம். மிடுக்கு பிறர் கண்ணுக்குத் தோன்றும் தோற்றம். நடையிலும் நிமிர்விலும் அதனைக் காணலாம். உரம் என்பது நிலைத்த வலிமை. நெஞ்சுரம் என்பதும் அதுவே, ரப்பர்க் கன்றுக்கு இடும் உரம் என்பதும் அதுவே. உள்ளே சேர்ந்து நின்று வலுத்தருவது என்னும் கருத்து இரண்டுக்கும் பொதுவாகிறது.

வீறு என்பது இன்னும் உயர்ந்தது. வேறு எதற்கும் இல்லாத தனிச்சிறப்பையே பழைய உரைகாரர் வீறு என்றனர். ‘வீறாப்பு’ என்று அதனை இறுமாப்பாகத் திரித்துக்கொண்டது பிற்கால வழக்கு. விறல் என்பது வெற்றியையும் வலிமையையும் குறிப்பதோடு, உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் திறத்தையும் குறிக்கும். அத்திறத்தோடு ஆடியவளே விறலி. பெண்ணின் கலைத்திறனுக்குப் பெயராக வலிமையைச் சுட்டும் சொல்லை வைத்த மரபு இது என்பதை மாணவியர்க்குச் சொல்லிக்கொடுத்தல் நன்று.

இனி, ஊக்கம். திருக்குறளின் 60ஆம் அதிகாரம் ‘ஊக்கமுடைமை’. போப்பையர் 1886இல் வெளியிட்ட தம் மொழிபெயர்ப்பில் இவ்வதிகாரத்துக்கு ‘எனர்ஜி’ என்று தலைப்பிட்டார். அது கிரேக்கச் சொல். ‘உள்’ என்பதும் ‘வேலை’ என்பதும் சேர்ந்து அமைந்தது, அரிஸ்டாட்டில் கையாண்டது. வேலையில் இயங்கிக்கொண்டிருக்கும் நிலை என்பது அதன் அடிப்படைப் பொருள். பௌதிக நூலார் அதனைத் தம் துறைக்கு எடுத்துக்கொண்டது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அத்துறையில் நாம் அதனை ‘ஆற்றல்’ என்று வழங்குகிறோம்.

போப்பையரின் தேர்வு பாராட்டத்தக்கது. எனினும் முழுதும் பொருந்துவதன்று. வள்ளுவர் வைத்த வரிசையை நோக்குக. 60 ஊக்கமுடைமை, 61 மடியின்மை, 62 ஆள்வினையுடைமை. முதலாவது, வேலையை நோக்கி மனம் தளராது எழுதல். பரிமேலழகரும் மனத்தின் கிளர்ச்சியாகவே இதற்குப் பொருள் காண்கிறார். இரண்டாவது, அவ்வெழுச்சியைக் கெடுக்கும் சோம்பலை நீக்குதல். மூன்றாவதில்தான் உடலின் முயற்சி வருகிறது. எனவே வேலைக்குள் நிற்கும் ‘எனர்ஜி’ ஆள்வினைக்கே பெரிதும் ஒக்கும். ஊக்கம் வேலைக்கு முன்னே நிற்பது; கை அசையுமுன் மனம் அசைவது.

அவ்வதிகாரத்தில் வரும் நீர்ப்பூவின் உவமையை எல்லோரும் அறிவோம். நீரின் ஆழம் எவ்வளவோ அவ்வளவே மலர்த்தண்டின் நீளம். உள்ளத்தின் அளவே மனிதரின் உயர்வு. கம்பார், பத்து காஜா வட்டாரத்து ஈயக்குட்டைகளில் அல்லி பூத்திருப்பதைக் கண்டவர்களுக்கு இவ்வுவமையை விளக்கவே வேண்டியதில்லை. மழைக்குப்பின் குட்டை நிரம்புந்தோறும் தண்டும் நீளும். ஆனால் ஆசிரியர் பலர் இதனோடு நின்றுவிடுகிறோம். அதே வள்ளுவர், தம் வலிமையின் அளவை அறியாமல் ஊக்கத்தால் மட்டும் எழுந்து இடையில் முறிந்தோர் பலர் என்று வலியறிதலில் எச்சரிக்கிறார். நுனிக்கொம்பு வரை ஏறியவன் அதற்கு மேலும் முனைந்தால் உயிருக்கு இறுதி என்கிறார். காலமறிதலில், ஊக்கமுடையவன் ஒடுங்கியிருப்பதைப் போர்க்கடா தாக்குவதற்காகப் பின்வாங்குவதோடு ஒப்பிடுகிறார். ஆகவே ஊக்கம் வேறு, வலி வேறு; ஊக்கமுடையான் சிலபோது அசையாமலும் இருப்பான். சுறுசுறுப்பையே ஊக்கம் என்று கொள்வார்க்கு இந்த ஒடுக்கம் விளங்காது.

‘ஊக்கமுடைமை’ என்பதில் உள்ள ‘உடைமை’யையும் கருதவேண்டும். மற்றைப் பொருளை உடையவர் உடையவர் அல்லர், ஊக்கம் உடையவரே உடையவர் என்பது அவர் கருத்து. இதற்குச் சான்று தேட நாம் நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. 1950ஆம் ஆண்டுகளில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, லயத்து வீட்டையும் வேலையையும் ஒருங்கே இழந்தோர் பலர். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டந்தோட்டமாகச் சென்றார். அன்றாடக் கூலியில் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப்பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கினர் தொழிலாளர். கட்டியவர்களிடம் பொருள் இல்லை. பலரிடம் போதிய தெம்பும் இல்லை. இருந்தது ஊக்கம். அது தூண்டப்பட்டது உண்மை. ஆனால் அவர்களிடம் இருந்ததனாலேயே தூண்ட முடிந்தது.

இங்கே ஒரு தடை எழலாம். ‘ஊக்கு’ என்னும் வினைக்குத் தள்ளுதல், அசைத்தல் என்ற பொருளும் உண்டே. கலித்தொகைக் குறிஞ்சிப் பாட்டொன்றில் தன் ஊசலைச் சற்று ஆட்டிவிடுமாறு ஒருத்தி கேட்குமிடத்தும் இவ்வினையே வருகிறதே. எனின் ஊக்கம் வெளியிலிருந்து வருவதும் ஆகாதோ என்று கேட்கலாம். ஆகும். ஆனால் தள்ளுபவர் கையை எடுத்தபின்னும் ஆடுவதே ஊசல். கை எடுத்தவுடன் நின்றுபோவது ஊக்கம் பெற்றதாகாது. ஆசிரியர் தொழிலின் எல்லை இதுவே.

இன்றைய வழக்கோ வேறு திசையில் செல்கிறது. ஊக்கத்தொகை, ஊக்கப்பரிசு, விளையாட்டுத் துறையில் ஊக்கமருந்து என, ஊக்கம் பிறர் கொடுக்க நாம் வாங்குவதாகிவிட்டது. இதனினும் கவலைக்குரியது, நம் நாட்டில் பரவியுள்ள ‘தன்முனைப்பு’ என்னும் சொல். தேர்வுக் காலத்தில் பள்ளிகளில் தன்முனைப்பு முகாம் நடத்துகிறோம். தன்முனைப்புப் பேச்சாளரை அழைக்கிறோம். நல்ல நோக்கமே. ஆயினும் சைவ சித்தாந்த நூல்களுக்கு விளக்கம் எழுதுவோர் ஆணவத்தைத் தன்முனைப்பு என்றே விளக்குவர். தமிழகத்தில் இன்றும் அச்சொல் ‘நான்’ என்னும் செருக்கையே குறிக்கும். அங்கிருந்து வரும் அறிஞர் ஒருவர் நம் பள்ளி வாயிலில் ‘தன்முனைப்பு முகாம்’ என்ற பதாகையைக் கண்டால், பிள்ளைகளுக்குச் செருக்கைக் கற்பிக்கிறார்களோ என்று மருள்வார். ‘ஊக்கவுரை’ என்னும் எளிய சொல் இருக்க, இது எதற்கு?

சொல்லைத் தவறாக ஆள்வதால் என்ன கெட்டுவிடும் என்பார்க்கு என் பிழை ஒன்றையே எடுத்துக்காட்டுகிறேன். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், நான் வகுப்பாசிரியனாக இருந்தபோது, மாணவன் ஒருவனின் தேர்ச்சி அறிக்கையில் ‘ஊக்கமில்லாதவன்’ என்று எழுதினேன். காலை முதற்பாடத்திலேயே அவன் மேசைமேல் தலைசாய்த்துவிடுவான். அறிக்கையில் கையெழுத்திட அவன் பாட்டி வந்தார். ரப்பர்த் தோட்டம் செம்பனைக்காடாக மாறியபின்னும் லயத்தை விட்டுப் போகாதவர் அவர். மகள் ஈப்போவில் தொழிற்சாலை வேலைக்காக விடியுமுன் பேருந்து ஏறிவிடுவாள் என்றும், பேரன் பசியாறாமலே பள்ளிக்கு வருகிறான் என்றும் சொன்னார். பிறகு, “அவனுக்கு மனசு இருக்குங்க ஐயா, தெம்புதான் இல்லை” என்றார்.

எழுத்தறியாத அம்மூதாட்டி திருத்தியது என் எழுத்தை மட்டுமன்று. பயிற்சிக் கல்லூரியில் படித்துவந்த நான் ஒன்றாகக் குழப்பிய இரண்டினை அவர் தெளிவாகப் பிரித்துக்காட்டினார். ஊக்கமில்லை என்றால் பிள்ளை மீது குற்றம். தெம்பில்லை என்றால் பொறுப்பு நம்முடையது. முன்னதற்கு அறிவுரை மருந்து. பின்னதற்கு உணவு மருந்து. நான் அறிவுரையை வாரி வழங்கிக்கொண்டிருந்தேன். பள்ளித் துணையுணவுப் பட்டியலில் அவன் பெயரைச் சேர்த்தபின், காலைப்பாடத்தில் தலை சாய்வது குறைந்தது. அவன் முதல் மாணவன் ஆகிவிடவில்லை. விழித்திருந்தான், கேள்வி கேட்டான். எனக்கு அது போதும்.

நம்மோடு வாழும் மலாய்க்காரரின் மொழியும் இவ்வேறுபாட்டைப் பேணுகிறது. உடலுக்கும் பொறிக்கும் உரிய ஆற்றலை அவர்கள் ‘தெனாகா’ என்பர். உள்ளத்து எழுச்சியைச் ‘செமாங்காட்’ என்பர். நெல்லுக்கும்கூடச் செமாங்காட் உண்டு என்று நம்பியவர்கள் அவர்களுடைய முன்னோர்.

ஆகவே தமிழாசிரியர்க்கு என் வேண்டுகோள் இது. ‘விம்’ என்பதற்கு ஒரே சொல்லைத் தேடி அலையவேண்டா. அவ்வலிமை எங்கிருந்து எழுகிறது என்று முதலில் கேளுங்கள். உடலிலிருந்து எனின் தெம்பு. கைகால்களிலிருந்து எனின் சுறுசுறுப்பு. உள்ளத்திலிருந்து எனின் ஊக்கம். செயலின் தனிச்சிறப்பில் எனின் வீறு. மொழிபெயர்ப்புப் பாடத்தில் மட்டுமன்று, தேர்ச்சி அறிக்கையின் கடைசிக் கட்டத்தை நிரப்பும்போதும் இக்கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கட்டத்தில் நாம் எழுதும் ஒரு சொல்லைப் பிள்ளை வீட்டுக்கு எடுத்துச் செல்கிறது. பல ஆண்டுகள் அதனையே தன் பெயராகச் சுமக்கிறது.