ஏழாவது கஜத்தில்

ஜேசன் விட்டன் என்று பேரைச் சொன்னால் போதும், அமெரிக்கக் கால்பந்து ரசிகர்கள் ஒரே காட்சியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். 2007 நவம்பர், ஃபிலடெல்ஃபியா மைதானம். பந்தைப் பிடித்த விட்டன் மீது தடுப்பாட்டக்காரர் இருவர் ஒரே நேரத்தில் வந்து மோதுகிறார்கள். ஹெல்மெட் கழன்று பறக்கிறது. மனிதர் விழவில்லை, வெறுந்தலையோடு ஓடிக்கொண்டே இருக்கிறார். 53 கஜம் கிடைத்தது. இன்று அப்படி ஓட முடியாது. பந்து வைத்திருப்பவரின் ஹெல்மெட் கழன்றால் அப்போதே விசில் ஊதி நிறுத்த வேண்டும் என்று 2010இல் விதி வந்துவிட்டது.

வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் விட்டன் ஆடிய 17 சீசன்களில் அவருடைய கலைக்குக் கொஞ்சமும் பொருந்தாத காட்சி எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். மோதலைத் தாங்கி ஓடுவதில் இல்லை அவர் திறமை. மோத ஆளே இல்லாத இடத்தில் போய் நிற்பதில் இருந்தது.

அவர் ஆடிய இடத்துக்கு டைட் எண்ட் என்று பெயர். களத்தின் நடுவில் ஐந்து பேர் சுவர்போல் வரிசைகட்டி நிற்பார்கள். முட்டித் தள்ளுவது அவர்கள் வேலை, பந்துக்கும் அவர்களுக்கும் பெரும்பாலும் சம்பந்தம் கிடையாது. தொலைவில், கோட்டோரமாக, ஒல்லியான வேகக்காரர்கள் நிற்பார்கள். அவர்கள் பந்து பிடிப்பவர்கள். சுவரின் கடைசி ஆளுக்குத் தோளோடு தோளாக நிற்பவர் டைட் எண்ட். ஒரு நகர்வில் மலைபோன்ற எதிராளியை முட்டித் தள்ளுவார், அடுத்த நகர்வில் ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பார். சிகாகோவில் 1961இல் மைக் டிட்கா இந்த இடத்துக்கு மரியாதை தேடித் தந்தார். பிறகு கூடைப்பந்தாட்டக்காரர்கள் வந்தார்கள். டோனி கோன்சாலஸ் கல்லூரியில் கூடைப்பந்து, கால்பந்து இரண்டையும் ஆடியவர். அன்டோனியோ கேட்ஸோ கல்லூரியில் கால்பந்தே ஆடவில்லை. உயரத்தில் எம்பி, ஆள் தலைக்கு மேலிருந்து பந்தைப் பறிப்பது இவர்கள் பாணி. பார்க்கக் கண்கொள்ளாது.

விட்டனிடம் எம்பலும் இல்லை, பெரிய வேகமும் இல்லை. ஆறரை அடி உயரம், சுமார் 120 கிலோ. டென்னஸி மாநிலத்துச் சிற்றூரான எலிசபெத்டனில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். பள்ளி அணிக்குப் பயிற்சியாளரே தாத்தாதான். 2003இல், புதிய வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், டாலஸ் கவ்பாய்ஸ் அவரை மூன்றாம் சுற்றில் எடுத்தது. அதே ஆண்டு எந்த அணியும் தேர்ந்தெடுக்காத டோனி ரோமோ என்ற, பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கும் டாலஸில் வந்து சேர்ந்தார். முதல் சீசனில் தாடை எலும்பு முறிந்து விட்டன் ஒரு ஆட்டம் வெளியே உட்கார்ந்தார். அதற்குப் பின் காயம் என்று சொல்லி ஒரு ஆட்டத்தையும் அவர் விடவில்லை.

ரோமோவும் விட்டனும் சேர்ந்து பதப்படுத்திய நகர்வுதான் 'ஒய் ஆப்ஷன்'. டைட் எண்டுக்கு ஆட்டக்குறிப்பில் 'ஒய்' என்ற எழுத்து. எல்லா அணிகளிடமும் இருக்கிற நகர்வு, ரகசியம் ஒன்றுமில்லை. ஆறேழு கஜம் நேராக ஓட வேண்டும். அங்கே தன்னைக் காவல் காப்பவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். உட்பக்கம் நின்றால் வெளியே திரும்பு. வெளிப்பக்கம் நின்றால் உள்ளே திரும்பு. ஆளைக் காக்காமல் இடத்தைக் காக்கிறார்கள் என்றால் இரண்டு பேருக்கும் நடுவே இருக்கிற சந்தில் நின்றுவிடு. சொல்ல இவ்வளவுதான்.

விட்டன் செய்வதைப் பாருங்கள். முதல் நான்கு கஜம் அவசரமே இல்லாமல் ஓடுவார். சோம்பேறித்தனம் என்றுகூடத் தோன்றும். காவலரை விட்டு விலகி ஓடமாட்டார், நேராக அவர் மீதே போவார். இடைவெளியை ஒரு கை நீளத்துக்குக் குறைத்துவிடுவார். இதில்தான் சூட்சுமம். விலகி நிற்கிற காவலருக்கு யோசிக்க நேரம் இருக்கிறது. மூச்சுக்காற்று படுகிற தூரத்தில் நிற்பவருக்கு இல்லை. அவர் ஏதாவது ஒரு பக்கம் பாரத்தை மாற்றியே ஆக வேண்டும். ஏழாவது கஜத்தில் விட்டனின் கால்கள் தரையைச் சின்னச் சின்னதாகத் தட்டும், இடுப்பு இறங்கும், தலை ஒரு பக்கம் லேசாக அசையும். காவலரின் குதிகால் அந்தப் பக்கம் திரும்பிய நொடியில் விட்டன் மறுபக்கம் போயிருப்பார். ஓடிப் பெற்ற தூரம் இரண்டு கஜம்கூட இருக்காது. இரண்டு கஜமே அவருக்குத் தாராளம்.

இதில் பாதிப் பங்கு ரோமோவுக்கு. விட்டன் திரும்பிய பிறகு பந்தை எறிந்தால் காரியம் கெட்டுவிடும். அவர் திரும்பப்போகிறார் என்னும்போதே பந்து கையை விட்டுக் கிளம்ப வேண்டும். ஆகவே காவலரின் நிற்கும் விதத்தை இருவரும் தனித்தனியே படித்து, ஒரே முடிவுக்கு வந்தாக வேண்டும், அதுவும் பேச்சில்லாமல். வருடக்கணக்கில் சேர்ந்து ஆடியவர்களுக்கே கைவரும் சங்கதி இது.

2012 இதன் உச்சம். ஆகஸ்டில் ஒரு பயிற்சி ஆட்டத்தில் விட்டனுக்கு மண்ணீரல் கிழிந்தது. செப்டம்பர் முதல் வாரமே, மருத்துவர் அனுமதியோடு, நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிரான தொடக்க ஆட்டத்தில் இறங்கினார். முதல் சில வாரங்கள் கையில் விழுந்த பந்துகளே நழுவின. ஆள் முடிந்துவிட்டார் என்றும் பேசினார்கள். அக்டோபர் கடைசியில் அதே ஜயன்ட்ஸை மறுபடி சந்தித்தபோது 18 பந்துகளைப் பிடித்தார். அதுவரை எந்த டைட் எண்டும் ஒரே ஆட்டத்தில் அத்தனை பிடித்ததில்லை. டாலஸ் 29-24 என்று தோற்றது, அது வேறு கதை. சீசன் முடிவில் 110. டைட் எண்டுகளில் அதுவரை சாதனையாக இருந்த கோன்சாலஸின் 102 பின்னுக்குப் போனது. அந்த 110இல், எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுக்கும் டச்டவுன் எத்தனை தெரியுமா? மூன்று.

இந்த மூன்றை வைத்துத்தான் சிலர் அவரைக் குறைத்துப் பேசுவார்கள். மொத்த வாழ்விலும் 74 டச்டவுன். கோன்சாலஸுக்கு 111, கேட்ஸுக்கு 116. எண்ணிக்கை சரிதான். ஆனால் டச்டவுன் கோட்டுக்கு அருகே களம் சுருங்கிவிடுகிறது. அங்கே எம்பத் தெரிந்தவனுக்கு மதிப்பு. விட்டன் நடுக்களத்து மனிதர். மூன்று வாய்ப்பில் மொத்தம் நான்கு கஜம்தான் கிடைத்து, இன்னும் ஆறு கஜம் வந்தால்தான் பந்து நம்மிடம் நிற்கும் என்ற இக்கட்டில் தேடப்படுகிறவர்.

அப்படியொரு ஆறு கஜம் 2015 ஜனவரியில் வந்தது. டெட்ராய்ட் லயன்ஸோடு பிளேஆஃப் ஆட்டம், டாலஸ் 17-20 என்று பின்தங்கியிருந்தது. நான்காவது வாய்ப்பு, தவறினால் பந்து எதிரணிக்கு. பந்து யாருக்குப் போகும் என்று அரங்கத்தில் பாதிப்பேருக்குத் தெரிந்திருக்கும். விட்டனுக்குத்தான் போனது. 21 கஜம். சற்று நேரத்தில் டெரன்ஸ் வில்லியம்ஸ் டச்டவுன் அடித்தார், டாலஸ் 24-20 என்று வென்றது. மறுநாள் எல்லோரும் பேசியது நடுவர்கள் தவறைக் குறிக்கும் கொடியை எறிந்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்ட சர்ச்சையைத்தான்.

பிடிப்பதையாவது எண்ணுகிறார்கள். முட்டித் தடுப்பதற்குக் கணக்கே கிடையாது. அந்த 2014 சீசனில் டிமார்க்கோ மர்ரி 1,845 கஜம் ஓடி அந்த ஆண்டு லீக்கிலேயே முதலாவதாக வந்தார். டாலஸின் சுவர்வரிசையைப் புகழ்ந்தார்கள், நியாயம்தான். சுவரின் ஓரத்தில் ஒரு முப்பத்திரண்டு வயதுக்காரர், முதல் அடியைச் சிறிதாக வைத்து, கைகளை எதிராளியின் நெஞ்சுக்குள் செலுத்தி, ஓடுபவர் தாண்டும்வரை பிடித்து நிறுத்தியதைப் பார்க்க ஒளிப்பதிவை மெதுவாக ஓட்ட வேண்டும்.

2018 மே மாதம் ஓய்வு பெற்று, ஈஎஸ்பிஎன்னின் திங்கட்கிழமை இரவு ஒளிபரப்பில் வர்ணனையாளராக உட்கார்ந்தார். சொற்கள் இடறின, கேலி பலமாக இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டே சிபிஎஸ்ஸுக்குப் போயிருந்த ரோமோவோ, அடுத்த நகர்வு என்ன என்று நடக்குமுன்பே சொல்லி ஊரையே அசத்திக்கொண்டிருந்தார். ஒரே நகர்வைப் பத்தாண்டுக்கு மேல் சேர்ந்து படித்த இருவர். ஒருவருக்கு அது வாயில் வந்தது. மற்றவருக்கு அறிவு முழுவதும் இடுப்பிலும் குதிகாலிலும்தான் இருந்ததோ என்னவோ. குறை என்று நான் இதைச் சொல்லமாட்டேன்.

ஓராண்டில் மைக்கை வைத்துவிட்டு டாலஸுக்கே திரும்பினார். வயது 37. ரோமோ இல்லை, டாக் பிரெஸ்காட் எறிந்தார். 2019இன் முதல் ஆட்டத்தில், மறுபடியும் ஜயன்ட்ஸுக்கு எதிராகத்தான், ஒரு டச்டவுன். சீசன் முழுவதற்கும் 63 பிடிப்புகள். அடுத்த ஆண்டு லாஸ் வேகஸ் ரெய்டர்ஸில் இன்னும் 13. மொத்தம் 1,228. லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் மேடையில் மட்டும் ஒரு தடவைகூட ஏறவில்லை. பழைய ஆட்டங்களைத் தேடிப் பார்க்கிறவர்கள் பந்தின் பின்னால் கண்ணை ஓட்டாமல், விட்டனின் 82ஆம் எண் சட்டை மேலேயே வைத்திருங்கள். பந்து தானாக அங்கே வரும்.